அரைத்தது எந்தச் சில்லு: மாங்குளத்துக் கராச் ஒன்றைப் பற்றி

எங்கள் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒருநாளும் சத்தமில்லாமல் ஓடியதில்லை. 1994ஆம் ஆண்டு வண்டி. எல்.என். 106 என்று கராச்காரர் சொல்கிற பழைய டபிள் கப். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், முன்னுக்கும் பின்னுக்கும் லீஃப் ஸ்பிரிங். எங்களிடம் வருவதற்கு முன்னர் ஏதோ நிவாரண வேலைக்கு ஓடியிருக்கிறது. கதவில் ஸ்டிக்கர் கிழித்த வட்டம் இன்னும் தெரிகிறது. நான் அதில் பால் ஏற்றுகிறேன். ஒட்டுசுட்டானைச் சுற்றி முப்பது வீடு, ஆறு கான், ஒவ்வொன்றும் நாற்பது லீற்றர். விடியப்புறம் வெறும் கானோடு புறப்படும்போது கோவில் மேளம் வருகிற மாதிரித்தான் தெருவுக்குக் கேட்கும். அதனால் வண்டி ஏதாவது புதிதாக முறையிட்டாலும் போகும்போது எனக்குத் தெரியாது. பால் நிறைந்து கான்கள் வாய் மூடிய பிறகு, திரும்பி வரும் வழியில்தான் தெரியும்.

அப்படித்தான் போன மார்கழிக் கடைசியில் அந்தச் சத்தம் கேட்டது. முன்னுக்கு இருந்து வந்தது. திரிகையில் உளுந்து உடைப்போமே, உளுந்து முடிந்து கல்லோடு கல் உரசுகிற கடைசிச் சுற்று இருக்குமே, அந்தச் சத்தம். இருபதில் போனால் மெதுவாக, நாற்பதில் போனால் வேகமாக. பிரேக் பிடித்தாலும் மாறவில்லை, கிளச்சை மிதித்தாலும் மாறவில்லை, கியரை நியூட்ரலில் விட்டு உருளவிட்டாலும் அதே அரைவை. ஆகவே எஞ்சின் இல்லை, கியர்பெட்டி இல்லை, சில்லோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று என்பது வரைக்கும் எனக்கே விளங்கியது. வலப்பக்கம் என்று நினைத்தேன். நான் இருப்பது வலப்பக்கம், என் காலடியில் கேட்டது, அவ்வளவுதான் காரணம்.

இந்தக் குறிப்பை எழுதுவது மாங்குளத்துக் கராச் ஒன்றைப் பற்றித்தான். ஆனால் அங்கே போவதற்கு முன்னர் வேறு ஓரிடத்துக்கு மூன்று தரம் போய்க் காசும் கொடுத்தேன். அதைச் சொல்லாவிட்டால் மாங்குளத்தான் செய்தது என்ன என்பது விளங்காது. எந்தக் கராச் என்று சொல்லப் போவதில்லை. பக்கத்து ஊர், முகம் பார்க்க வேண்டியவர்கள்.

முதல் தரம் போனபோது பிரேக் பாட் தேய்ந்துவிட்டது என்றார்கள். கழற்றிக் காட்டியபோது உண்மையிலேயே மெலிந்துதான் இருந்தது, மாற்றினேன், குறையில்லை. சத்தம் அப்படியே இருந்தது. இரண்டாம் தரம் வலது முன் சில்லை ஜக் போட்டு ஆட்டிப் பார்த்து, "ஆட்டம் இருக்கு" என்று சொல்லி, சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் பெரிய நட்டை இறுக்கினார்கள். எதால் இறுக்கினார்கள் தெரியுமா, உளியும் சுத்தியலும். டங், டங் என்று அடித்து அடித்துத் திருப்பினார்கள். எனக்கு அப்போது அதில் பிழை தெரியவில்லை. வேலை நடக்கிறது என்றுதான் நினைத்தேன். சத்தம் அப்படியே இருந்தது. மூன்றாம் தரம் போனபோது, உள்ளே முன் சில்லுக்கு இழுவை கொண்டுபோகிற சீவி ஜொயின்ற் போய்விட்டது, வவுனியாவில் பழைய சாமான் ஒரு சோடி எடுத்துத் தரலாம், 65,000 ரூபாய் வரும் என்றார்கள். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

65,000 எனக்கு லேசான காசில்லை. வண்டியை விற்றுவிட்டு வேறு பார்க்கலாமே என்று மருமகன் சொன்னார். எதைப் பார்ப்பது? 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 மாசியில் திரும்ப விட்ட பிறகும் வருகிற வண்டிகளின் விலையை நாங்கள் பேப்பரில்தான் பார்க்கலாம். இதே பழைய டபிள் கப்புகளுக்கே இன்றைக்கு யானை விலை. உள்ளதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வழியில்லை.

மாங்குளத்தைச் சொன்னவர் எங்களுக்கு வைக்கோல் கொண்டுவருகிற உழவு இயந்திரக்காரர். "அவன் பிந்துவான், ஆனா பொய் சொல்லமாட்டான்" என்றார். அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

மாங்குளம் சந்தியிலிருந்து மல்லாவிப் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் இடப்பக்கம் ஒரு பாலை மரம். அதற்குக் கீழே தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் சில்லில்லாத ஒரு லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரமும் பொன்னட் திறந்தபடி ஒரு பழைய பஜரோவும் நின்றால் அதுதான். நான் போனபோது நாற்பது, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கீழே படுத்திருந்தார். வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ட்ரைவர் வரேல்லையோ?"

"நான்தான் தம்பி ட்ரைவர்."

கொஞ்சம் வெட்கப்பட்டார். "குறை நினையாதேங்கோ அக்கா" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு கேள்விகூட வேறு யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். கராச்களில் எனக்கு முன்னால் நின்று என் வண்டியைப் பற்றி மருமகனுக்கு விளங்கப்படுத்துகிறவர்களைத்தான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன்.

நான் நடந்ததெல்லாம் சொன்னேன். சீவி ஜொயின்ற் கதையையும் சொன்னேன். அவர் வண்டியைத் தொடவில்லை. குனிந்து முன் சில்லின் நடுவில் இருக்கிற வட்டத்தை மட்டும் பார்த்தார். இந்த வண்டியில் ஃபோர் வீலுக்குப் போக வேண்டுமென்றால் உள்ளே கியரைப் போட்டால் மட்டும் போதாது. இறங்கி இரண்டு முன் சில்லிலும் ஒரு திருகியை ஃப்ரீயிலிருந்து லொக்குக்குத் திருப்ப வேண்டும். பழைய ஆட்களுக்குத் தெரியும்.

"அக்கா, சத்தம் கேக்கேக்க இது ஃப்ரீயிலயோ லொக்கிலயோ?"

"தார் றோட்டில எப்பவும் ஃப்ரீதான்."

"அப்ப ஜொயின்ற் இல்லை."

அவ்வளவுதான். 65,000 ரூபாய் அந்த நிமிடத்தில் என் மடியிலேயே திரும்பி விழுந்தது. ஏன் என்று கேட்டேன். மண்ணில் ஒரு குச்சியால் கீறிக் காட்டினார். திருகி ஃப்ரீயில் இருந்தால் சில்லு தன்பாட்டில் சுற்றும். உள்ளே இருக்கிற அச்சுத் தண்டும் ஜொயின்ற்றும் முன் டிஃபரன்சலும் சும்மா நிற்கும். நிற்கிற சாமான் எப்படி அரைக்கும்? ஜொயின்ற் போனால் லொக்கில் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க வெட்டித் திருப்பும்போது டக், டக், டக் என்று அடிக்கும். அது கடிக்கிற சத்தம், அரைக்கிற சத்தம் இல்லை. "அரைக்கிறது வேற, கடிக்கிறது வேற" என்றார். மூன்று தரம் போன இடத்தில் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பிறகு என்னையே ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் ஏறினார். மல்லாவி றோட்டில் ஆளில்லாத நேராய் ஒரு துண்டு கிடைத்ததும், நாற்பதில் வைத்துக்கொண்டு மெதுவாக இடதும் வலதுமாக ஸ்டியரிங்கை அசைக்கச் சொன்னார். இடப்பக்கம் சரித்தபோது சத்தம் குறைந்தது. வலப்பக்கம் சரித்தபோது அந்தத் திரிகை சத்தமாக எழும்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு மூன்று தரம் செய்த பிறகு, "இடது" என்றார்.

நான் நம்பவில்லை. வலப்பக்கம்தானே கேட்கிறது என்றேன். சத்தம் அச்சு வழியே எங்கும் போகும், காதை நம்ப வேண்டாம், பாரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். வண்டியை வலப்பக்கம் திருப்பினால் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது அல்லவா, அப்படித்தான் வண்டியின் பாரமும் இடது சில்லில் போய் இருக்கும். பாரம் கூடும்போது முனகுகிற சில்லுத்தான் நோயாளி. தலையில் குடம் வைத்த கதைதான், எந்தக் கால் நோகிறது என்று நடக்கும்போது தெரியும்.

இங்கே ஒரு சின்னக் குழப்பம் வந்தது. அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அவர் அதை மறைக்கவில்லை. பத்துக் கிலோமீற்றர் ஓடித் திரும்பி, கடைசித் துண்டில் பிரேக் பிடிக்காமல் உருட்டி நிறுத்தச் சொன்னார். பிரேக் பிடித்தால் அதன் சூடு கணக்கைக் குழப்பிவிடும். இறங்கி இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஹப்புக்குள் சில்லைத் தாங்கி உருளவிடுவது பேரிங்; கெட்டுப்போகிற பேரிங் சுடும், நல்லது இளஞ்சூட்டோடு நிற்கும் என்பது முறை. இரண்டும் சுட்டன. வலது கூடச் சுட்டது. நான் முகத்தைப் பார்த்தேன். "ரெண்டும் சுடுது. பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தபடி நின்றார். எனக்கு அந்தச் சொறிதல் பிடித்தது. தெரியாத நேரத்தில் தெரியாது என்று நிற்கிற மெக்கானிக்கை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

ஜக் போட்டார்கள். வலது சில்லைக் கையால் சுற்றச் சொன்னார். சுற்றிப் பார்த்தேன், அசைக்கவே கஷ்டம். விட்டதும் நின்றது. ஆனால் சத்தமில்லை. இடது சில்லு லேசாகச் சுற்றியது, ஆனால் உள்ளே யாரோ மணல் மெல்கிற மாதிரி. கராச்சில் நின்ற பெடியனை இடது சில்லைச் சுற்றவிட்டு, என் கையை எடுத்து முன் ஸ்பிரிங் தகட்டின் மேல் வைக்கச் சொன்னார். விரலுக்குள் ஒரு நடுக்கம். பூனை மடியில் இருந்து குறுகுறுக்கும்போது கையில் தெரியுமே, அப்படி. வலப்பக்க ஸ்பிரிங்கில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு நீண்ட ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை ஹப்புக்குப் பின்னால் இருக்கும் நக்கிளில், சுற்றாத இடமாகப் பார்த்து வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தியிருந்து கேட்டேன். ஐயோ. சில்லுக்குள் ஒரு மில் ஓடியது.

வலது ஏன் சுட்டது என்பது அப்போதுதான் வெளிச்சமானது. உளியால் அடித்து அடித்து இறுக்கியதில் நல்ல பேரிங் நெரிபட்டுக் கிடந்தது. நோயில்லாத பிள்ளைக்கு மருந்து கொடுத்துப் படுக்கவைத்த மாதிரி.

அவர் செய்த இன்னொரு சோதனையை இங்கே சொல்லிவைக்கிறேன். பழைய ஃபோர் வீல் வைத்திருப்பவர்கள் யாரும் வீட்டிலேயே செய்யலாம். இடது சில்லின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டினார். சின்னதாய் ஒரு டொக், டொக் இருந்தது. அது சில்லுப் பேரிங்கின் ஆட்டமாகவும் இருக்கலாம், சில்லு திரும்புகிற கிங்பின் பேரிங்கின் ஆட்டமாகவும் இருக்கலாம், வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான். பெடியனை ஏற்றி பிரேக்கை அமத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டினார். ஆட்டம் இல்லை. பிரேக் பிடித்ததும் சுற்றுகிற டிஸ்க்கும் நிற்கிற நக்கிளும் ஒன்றாக இறுகிவிடும், இடையில் இருக்கும் சில்லுப் பேரிங் கணக்கிலிருந்து விலகிவிடும். அதற்குப் பிறகும் ஆடினால் கிங்பின். ஆடாவிட்டால் சில்லுப் பேரிங். இரண்டு பேர் வேண்டும், ஒரு ஜக் வேண்டும், காசு வேண்டாம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே தலையை விடாதீர்கள், அச்சுக்குக் கீழே ஒரு மரக்குற்றியாவது வையுங்கள்.

அதோடு டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரத் தட்டையும் ரோச் அடித்துப் பார்த்தார். கிரவல் றோட்டில் ஓடுகிற வண்டிகளில் அதற்குள் சிறு கல் சிக்கினாலும், தட்டு வளைந்து டிஸ்க்கைத் தொட்டாலும் உயிர் போகிற சத்தம் வருமாம். அதைக் கேட்டுப் பயந்து பேரிங் மாற்றியவர்களும் உண்டாம். எங்களுடையதில் ஒரு கல் இருந்தது உண்மைதான், தட்டிவிட்டார். அது குற்றவாளி இல்லை.

இவ்வளவுக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அந்த நேரம் முழுக்க ஒரு நட்டும் கழற்றப்படவில்லை. பார்த்ததற்கு மட்டும் 1,500 ரூபாய் என்று அப்போதே சொன்னார், வேலையை இங்கே செய்தாலும் செய்யாவிட்டாலும். சிலருக்கு அது பிடிக்காதாம், "சும்மா பாத்ததுக்கும் காசோ" என்று சண்டைக்கு வருவார்களாம். நான் ஏற்கெனவே பார்க்காமல் செய்த வேலைக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டேன்.

ஹப்பைத் திறந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். திருகியைக் கழற்றிய பிறகு ஆறு நட்டையும் அவிழ்த்து, பித்தளைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். உள்ளே இருக்கும் கூம்பு வொஷர்கள் ஒவ்வொன்றாய்த் துள்ளி வந்தன. பெரிய நட்டுக்கு அவரிடம் 54 மில்லிமீற்றர் சொக்கற் இருந்தது. "இது இல்லாதவன் இந்த வண்டியின்ர ஹப்பில கை வைக்கக் கூடாது" என்றார், பெயர் சொல்லாமல்.

உள்ளிருந்து வந்த கிறீஸைப் பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது. கிறீஸ் என்றால் தேன் நிறமோ நீலமோ கறுப்போ ஏதோ ஒன்றாக இருக்கும். இது பால் விட்ட தேத்தண்ணி நிறம். பாலோடு வாழ்கிறவள் நான், தண்ணீர் கலந்தால் எந்த நிறம் மாறும் என்று எனக்குப் பாடம். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுவழுப்பு இல்லை, நறநறவென்று பொடி.

"அக்கா, மாரிக்க தண்ணிக்குள்ள இறங்கினீங்களோ?"

இறங்காமல் எப்படி? முத்தையன்கட்டுப் பக்கம் குளம் வான் பாய்ந்த கிழமை, ஒரு பாலத்துக்கு மேலால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் ஓடியது. அதற்குள்ளால் ஐந்து நாள் பால் கொண்டுவந்தேன். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கும், அது வெளியே இருப்பதை உறிஞ்சும், ஒயில் சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும் என்றார். பாலத்துக்கு முன்னால் நின்று ஒரு பத்து நிமிடம் ஆறவிட்டு இறங்கினால் நல்லதாம். பால் திரையுமே தம்பி என்றேன். சிரித்தார்.

பேரிங்கைப் பெற்றோலில் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். உருளைகள் சில நீலம் பாரித்திருந்தன, சூட்டின் அடையாளம். அதைவிட ஹப்போடு இருக்கும் வெளி வளையத்தைப் பார்த்தபோதுதான் மலைத்துப் போனேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய வளையம். ஒரு பக்கத்தில், பெருவிரல் அகலத்துக்கு, புதிதாகக் கொத்தின அம்மி போல் பொள்ளல் பொள்ளலாய் இருந்தது. அந்தப் பொள்ளலுக்கு மேலால் உருளைகள் போய்ப் போய் வந்ததுதான் நான் மார்கழியிலிருந்து கேட்ட திரிகை. இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் பேரிங் தண்டோடு ஒட்டிக்கொண்டு தண்டையும் தின்றிருக்கும் என்றார். தண்டைத் துணியால் துடைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நல்லவேளை, அதில் காயமில்லை.

சாமானுக்கு வவுனியாவுக்குச் சொன்னார். இ.போ.ச. பஸ்ஸில் பார்சல் வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு பேரிங்கைத் திருப்பி அனுப்பினார். பெட்டியில் யப்பான் கம்பனிப் பெயர், ஆனால் வளையத்தில் இருக்க வேண்டிய இலக்கம் ஆழமில்லாமல், விரலால் தேய்த்தால் மங்குகிற மாதிரி இருந்தது. எழுத்துகளுக்கு இடையில் இடைவெளியும் ஒழுங்கில்லை. "அக்கா, பெட்டியை எவனும் அச்சடிப்பான்" என்றார். அதனால் ஒரு நாள் பிந்தியது. எனக்கு அன்றைக்குப் பக்கத்து வீட்டு லாண்ட்மாஸ்டருக்கு 3,500 கொடுத்துப் பால் அனுப்ப வேண்டி வந்தது, ஒரு கான் திரைந்தும் போனது. கோபம் வந்தது உண்மை. இப்போது இல்லை.

பூட்டுகிற வேலையில் இரண்டு விஷயம் பார்த்தேன். புது வளையத்தை ஹப்புக்குள் இறக்கும்போது பழைய வளையத்தையே மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார். முதலில் டிங், டிங் என்று ஒலித்தது, அடியில் போய் உட்கார்ந்ததும் டொம் என்று கனத்தது. அந்தக் கனத்த சத்தம் வரும்வரை விடவில்லை. பிறகு கிறீஸ். உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அமத்தி அமத்தி இழுத்தார். மறுபக்கத்தால் புழு மாதிரிக் கிறீஸ் வெளியே வரும்வரை. மேலால் பூசினால் அது அலங்காரம் என்றார்.

நட்டை இறுக்கினது எனக்கு மறக்காது. சொக்கற்றால் இறுக்கி, ஹப்பை இரண்டு பக்கமும் பல தரம் சுற்றி, தளர்த்தி, திரும்ப லேசாக இறுக்கினார். பிறகு சுவரில் தொங்கிய தராசை எடுத்தார். முல்லைத்தீவில் மீன் நிறுக்கிற கொழுக்கித் தராசு, அதேதான். கொழுக்கியை ஹப்பின் ஒரு போல்ற்றில் மாட்டி, வட்டத்தின் ஓரமாக இழுத்தார். ஹப் அசையத் தொடங்குகிற நேரம் முள்ளு எங்கே நிற்கிறது என்று பார்த்தார். மூன்று கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் நடுவில் நிற்க வேண்டுமாம். முதல் தரம் இரண்டுக்குக் கீழே நின்றது. ஒரு பொட்டு இறுக்கினார். நாலு. சரி. பூட்டு வொஷரின் நாக்கை நட்டின் மேல் மடித்துவிட்டார். பேரிங்கைக் கூட இறுக்கினால் எரியும், குறைய இறுக்கினால் ஆடும், அதனால் கணக்கு வேண்டும் என்றார். யாரிடம் பழகியது என்று கேட்டேன். தகப்பனிடமாம். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் புதுப் பேரிங் வராது. இருப்பதைக் கழுவி, அளந்து, திரும்பப் போட்டு ஓடிய காலம். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடின அந்தக் காலத்துப் பழக்கம் பல கெட்டது, இது நல்லது.

வலது ஹப்பையும் திறந்து நட்டைத் தளர்த்தி அதே தராசால் அளந்து பூட்டினார். நட்டின் விளிம்பெல்லாம் உளி கொத்திய காயம். முதலில் ஒன்பது கிலோவுக்கு மேல் இழுத்தும் அசையவில்லை. அதோடு இன்னொன்றும் பிடித்தார். வலப்பக்கத் திருகி லொக் வரை முழுதாகத் திரும்பவில்லை, யாரோ உள்ளே ஸ்பிரிங்கைப் பிசகாகப் பூட்டியிருக்கிறார்கள். அதைத் திருத்தியதற்குத் தனியாகக் காசு எடுக்கவில்லை. அடுத்த மாரிக்குச் சேற்றில் நின்று ஃபோர் வீல் போட்டபோது தெரிந்திருக்கும் என் நிலை.

கணக்கு: இரண்டு பேரிங் 17,000, ஒயில் சீல் 1,800, பூட்டு வொஷரும் பேப்பர் கஸ்கற்றும் 900, கிறீஸ் 2,400, கூலி 7,500, முதலில் பார்த்த 1,500. மொத்தம் 31,100 ரூபாய். பழைய சாமானை ஒரு பையில் போட்டுக் கையில் தந்தார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றை ஏன் குறைக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். தொலைபேசி எடுக்கமாட்டார். ஏழு தரம் எடுத்தேன், பெடியன் ஒரு தரம் எடுத்து "அண்ணை கீழ படுத்திருக்கிறார்" என்று வைத்துவிட்டான். இருக்க ஒரு கதிரை இல்லை, ரயர் ஒன்றில்தான் இருந்தேன், சேலையில் கறுப்பு இன்னும் போகவில்லை. பெண்கள் அரை நாள் நிற்கிற இடம் என்று யாரும் யோசித்துக் கட்டவில்லை. சலகூடத்துக்குச் சந்திக் கடைக்கு நடந்து போனேன். காசு கையில்தான் கொடுக்க வேண்டும், பற்றுச்சீட்டு கேட்டால்தான் எழுதித் தருவார், அதுவும் பழைய கொப்பித் தாளில். சொன்ன நாளுக்கு வண்டி கிடைக்காது. ஒரு நாள் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். அவசரக்காரர்களுக்கு இந்த இடம் சரிவராது. சத்தம் வந்து பத்து நாள் ஆகியும் என்னவென்று தெரியாமல் அலைகிறவர்களுக்குச் சரிவரும்.

500 கிலோமீற்றர் ஓடிய பிறகு வரச் சொன்னார். புது வளையம் உட்கார்ந்து கொஞ்சம் தளரலாமாம். போனேன். இடதைத் தராசால் அளந்தார், மூன்றரையில் நின்றது, கை வைக்கவில்லை, காசும் வாங்கவில்லை. வலதை ஸ்க்ரூ ட்ரைவரால் கேட்டார். என்னிடமும் தந்தார். மிக மெல்லியதாய், தூரத்தில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சரசரப்பு. நெரிபட்ட காயம் வேலையைத் தொடங்கிவிட்டது என்றார். உடனே மாற்றத் தேவையில்லை, சிறுபோக விதைப்பு முடியப் பார்ப்போம், அதுவரை பாரத்தைக் குறையுங்கோ என்றார்.

ஆறு கானை ஐந்தாக்கியிருக்கிறேன். பால் நிறைந்து திரும்பி வரும்போது இப்போது எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. இடப்பக்கம் திரும்புகிற ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு வலது சில்லைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன்.